திருப்பூரிலிருந்து 30,720 பீஸ்

பேக்கிங் ஹாலுக்குள் நான் நுழைந்தபோது மாலை நாலரை மணி. டீ வந்து டம்ளர்களில் ஆறிக்கொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த 40 அடி கண்டெய்னர் வாசலில் பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. 640 பெட்டிகளில் இன்னும் 90 பெட்டி 'டனல்' தாண்டவில்லை.

டனல் என்று அங்கே சொல்வது தகரத்தால் அடைத்த ஆள் உயரக் கூண்டு ஒன்றை. உருளைகள் பதித்த பாதை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. டேப் ஒட்டிய அட்டைப்பெட்டியை அந்த உருளைகள்மேல் தள்ளிவிட்டால், உள்ளே போய் ஒரு மூச்சு நேரம் நிற்கும். உள்ளே நாலு ஆன்டெனா. பக்கத்து மேசைத் திரையில் 48 என்று பச்சையில் எழுந்தால் பெட்டி வெளியே வரலாம். ஒரு பெட்டிக்கு 48 டீ-ஷர்ட். திருப்பூர்ப் பேச்சில் 48 பீஸ். பெட்டியைத் திறப்பதில்லை, தொட்டு எண்ணுவதில்லை. உள்ளே கிடக்கும் 48 பீஸும் தம் எண்ணைத் தாமே சொல்லிவிட்டுப் போகின்றன.

நான் போய் நின்ற நேரம் சிவப்பில் 47 வந்தது. மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். பெட்டியை இழுத்து மறுபடி உள்ளே தள்ளினாள். மறுபடியும் 47.

"அக்கா, கொஞ்சம் வாங்க்கா. ஒண்ணு கொறையுது."

செக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. முதலாளி முதல் லோடுமேன் வரை அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டேப்பைக் கத்தியால் கீறி, பாலிபேக்குகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக மேசையில் அடுக்கினார். நாலு அடுக்கு. 48 சரியாக இருந்தது.

"பீஸு இருக்குது கண்ணு. ஒண்ணு ஊமையாப் போயிருச்சு" என்றார்.

துப்பாக்கிப் பிடி வைத்த கைரீடரை எடுத்து ஒவ்வொன்றாகத் தனியே காட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் அடுக்கில் ஒரு பீஸ் பதில் சொல்லவில்லை. அக்கா அதைப் பாலிபேக்கிலிருந்து உருவி, உட்பக்கம் புரட்டி, விலாத் தையலில் வாஷ்கேர் லேபிளோடு சேர்த்துத் தைத்திருந்த பட்டையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். துணிபோல மெல்லிய வெள்ளைப் பட்டை. வெளிச்சத்தில் உள்ளே ஓடும் அலுமினிய வரி தெரிந்தது. பாம்பு போல மடிந்து மடிந்து ஓடி, நடுவில் ரவைத் துகள் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளியில் சேர்கிறது. அந்தப் புள்ளியை உரசி ஊசி இறங்கிய ஓட்டை.

"ஓவர்லாக்ல லேபிள் ஒரு நூல் அளவு உள்ள போயிருச்சுன்னா இப்புடித்தானுங்க. ஊசி சிப்புல பட்டா அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அதே நிறம், அதே சைஸில் உபரியாக வைத்திருந்த ஒரு பீஸை எடுத்து உள்ளே வைத்து, பெட்டி எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, டேப்பை இழுத்து ஒட்டினார். பெட்டி டனலுக்குள் போனது. பச்சையில் 48.

எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குக் காரணம் பழையது.

2004-ல் என் அப்பா பி.என். ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் 16 தையல் மெஷின் போட்டு பவர்டேபிள் நடத்திவந்தார். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்துகொண்டிருந்தவர், அந்த வருடம்தான் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் எடுத்தார். பேக்கிங் அன்று இரவு முழுக்க அவரே எண்ணினார். நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுகிற கணக்கு, நோட்டில் பக்கம் பக்கமாக. இரண்டு மாதம் கழித்துப் பையரிடமிருந்து டெபிட் நோட் வந்தது: அந்தப் பக்கக் குடோனில் எண்ணியதில் 212 பீஸ் குறைவு. அதற்கான தொகையும் அபராதமும் பில்லில் பிடித்துக்கொள்ளப்பட்டன. கண்டெய்னரில் குறைந்ததா, கப்பலில் குறைந்ததா, குடோனில் யாராவது தப்பாக எண்ணினார்களா, எதுவும் தெரியாது. அப்பாவிடம் சாட்சி இல்லை. கோடு போட்ட நோட்டை யாருக்கு அனுப்புவது?

"எண்ணுனன்டா. ரெண்டு தடவ எண்ணுனன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த தீபாவளிக்குள் ஆறு மெஷின் விலைக்குப் போனது. அப்பா இப்போது இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது.

எண்ணிக்கைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சாட்சி எப்படிப்பட்டது, யாருக்காகப் பேசுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கண்டெய்னரோடு தூத்துக்குடி வரை போவதென்று கிளம்பினேன். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் எங்கள் ஊரிலிருந்து போகிறது. போகிற சரக்கில் பெரும்பகுதி இந்தச் சாலை வழியேதான் கடலைப் பார்க்கிறது.

லோடு ஏற்றுவதற்கு முன் அக்கா இன்னொன்றும் காட்டினார். சற்று முன் ஒரு பெட்டிக்கு 49 வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் 48தான். டனல் வாசலுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பீஸை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே போன அலை வாசல் வழியே கசிந்து அதையும் எழுப்பிவிட்டது. "இது காது ரொம்பக் கூருங்க. பக்கத்து வீட்டுக்காரன் பேசறதும் கேட்டுப்போடும்" என்றார். அதன்பிறகு டனலைச் சுற்றி ஆறடிக்கு மஞ்சள் கோடு. கோட்டுக்குள் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது.

இந்தப் பட்டைக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் ரேடியோ அலையே அதற்குச் சாப்பாடு. அலை பட்டதும் அலுமினிய வரி அதில் துளி மின்சாரம் வாங்கிச் சிப்பை எழுப்புகிறது. சிப் தன் எண்ணைத் தனியாக ஒலிபரப்புவதில்லை. வந்த அலையையே கூட்டிக் குறைத்துத் திருப்பியடிக்கிறது. வெயிலில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து எதிர்த் தெரு நண்பனுக்குச் சைகை காட்டுவோமே, அதே வேலை. ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948-லேயே இப்படித் திருப்பியடித்த அலையால் செய்தி அனுப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை இரண்டு, மூன்று ரூபாய்ப் பட்டையாக ஆக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

48 பட்டையும் ஒரே நேரத்தில் கத்தினால் ரீடருக்கு ஒன்றும் புரியாது. அதனால் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு சீட்டு எடுத்துக்கொள்கிறது. ரீடர் எண்ணை இறக்கிக்கொண்டே வர, சீட்டு முறை வந்த பட்டை மட்டும் வாய் திறக்கும். இரண்டுக்கு ஒரே சீட்டு விழுந்து மோதிக்கொண்டால் அடுத்த சுற்றில் வேறு சீட்டு. இதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிகிறது. பெட்டி டனலுக்குள் நிற்கிற அந்த மூச்சு நேரம் இதற்குத்தான்.

அது சொல்லும் எண்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பழைய பார்கோடு, 'நீலம், மீடியம்' என்று வகையைச் சொல்லும். நீல மீடியம் பத்தாயிரம் தைத்தால் பத்தாயிரத்துக்கும் ஒரே கோடு. இந்தப் பட்டை 96 பிட் நீளத்தில் வகையையும் சொல்லி, அந்த வகையில் நான் இத்தனையாவது என்றும் சொல்கிறது. தொடர் எண்ணுக்கு மட்டும் 38 பிட். ஒரு வகைக்கு 27,000 கோடிக்கும் மேல் எண் கொடுக்கலாம். அதாவது அக்கா கையில் இருந்த அந்த ஊமைப் பீஸுக்கு உலகத்தில் வேறெந்தப் பனியனுக்கும் இல்லாத ஓர் எண் இருந்தது. அது செத்த விஷயம் அதனால்தான் தெரிந்தது.

ஏழரை மணிக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. 640 பெட்டி, 30,720 பீஸ். லோடுமேன்கள் கதவைச் சேர்த்து இரும்புத் தண்டுகளைத் திருப்பிப் பூட்டினார்கள். சூப்பர்வைசர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியிலிருந்து இ-சீலை எடுத்தார். கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு போல்ட், தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இன்னொரு சிப். கதவின் காதுகளில் நுழைத்து அடியில் பூட்டை அழுத்தினார். 'டக்' என்ற ஒரே சத்தம். இனி அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் உள்ளிருக்கும் இணைப்பும் அறுந்துபோகும், துறைமுக ரீடர் கண்டுபிடித்துவிடும்.

2017 வரை இந்த இடத்தில் ஓர் அதிகாரி நிற்க வேண்டும். அப்பா காலத்தில் எக்ஸைஸ் இன்ஸ்பெக்டர் வந்து, கண்முன் ஏற்றச் சொல்லி, சீல் வைத்தால்தான் வண்டி நகரும். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் கண்டெய்னர் விடிய விடிய நிற்கும். ஜி.எஸ்.டி. வந்த அதே 2017 ஜூலையில் அந்த முறையை எடுத்துவிட்டு, ஏற்றுமதியாளரே இந்த ரேடியோ போல்ட்டைப் பூட்டிக்கொள்ளலாம் என்று சுங்கத் துறை அறிவித்தது. சூப்பர்வைசர் சீல் எண், கண்டெய்னர் எண், வண்டி எண், ஷிப்பிங் பில் எண், பூட்டிய நேரம் எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றினார். பத்து நிமிஷம். இது நம்மை நம்பிய ஏற்பாடு. நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு சிப் நிற்கிறதென்றாலும், ஒரு சின்ன முதலாளியின் இரவு மிச்சமாகிறதே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வந்தார். "அங்க போய் எண்ணுவாங்கல்லங்க. எண்ணிக்கை சரியா வந்துச்சான்னு எனக்குச் சொல்லோணும். இத்தன வருசத்துல எங்களுக்கு யாரும் சொன்னதில்லீங்க. கொறைஞ்சா மட்டும் சொல்லுவாங்க."

சொல்கிறேன் என்றேன்.

டிரைவர் அண்ணாச்சி விளாத்திகுளம் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறார். தாராபுரம் வரை அதிகம் பேசவில்லை. இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் கூடவே வந்தன. அமராவதி பாலம் தாண்டி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே டீக்கடை ஓரம் கட்டினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். உள்ள இருக்க சட்டையெல்லாம் பேசுமாமே? ரோட்டுல போற வழிக்கெல்லாம் பேசிக்கிட்டா வருது?"

இல்லை அண்ணாச்சி என்றேன். கண்டெய்னர் முழுக்க இரும்பு. இந்த அலைக்கு இரும்பும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. இரும்பு திருப்பியடித்துவிடும், தண்ணீர் குடித்துவிடும். கதவை மூடிய நிமிஷத்திலிருந்து 30,720 பட்டையும் மௌனம். இங்கே, கடலில், அந்தக் கரையில், யாராவது கதவைத் திறக்கும் வரைக்கும் ஒன்றுகூட வாய் திறக்காது. வழியில் பேசுவது உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருப்பதும், கதவில் தொங்குவதும், கண்டெய்னர் மேல் ஒட்டியிருப்பதும்தான்.

"அப்ப நம்ம வண்டில நாலு சாதி டேக்கு இருக்கு" என்றார். நாலும் 865-லிருந்து 867 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் பேசுகின்றன. அந்த அலைவரிசையை 2005-ல் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அரசு விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் டோல்கேட்டிலும் டனலிலும் இது நடந்திருக்காது.

டீ குடித்துக்கொண்டே, இது தொடங்கிய கதையை அண்ணாச்சிக்குச் சொன்னேன். கெவின் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயர் பி அண்ட் ஜி கம்பெனியில் லிப்ஸ்டிக் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழுப்பு நிற லிப்ஸ்டிக் எந்தக் கடைக்குப் போனாலும் அலமாரியில் காலி. குடோன் கணக்கிலோ இருப்பு இருக்கிறது. கணக்குக்கும் அலமாரிக்கும் நடுவே எங்கே தொலைகிறது என்று தேடிப் போனவர்தான் 1999-ல் எம்.ஐ.டி.யில் ஆட்டோ-ஐடி சென்டர் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அவரோடு நின்றவர் சஞ்சய் சர்மா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். சிப்பில் எல்லா விவரத்தையும் திணிக்காமல் எண்ணை மட்டும் வைப்போம், விவரம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்றார்கள். சிப் சிறுத்தது, விலை இறங்கியது. ஐந்து சென்டுக்கு ஒரு பட்டை என்பது அவர்கள் வைத்த இலக்கு.

2003-ல் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்கள் நூறு பேரிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பலகை அடுக்குகளிலும் இந்தப் பட்டையை ஒட்ட வேண்டும் என்றது. பலரும் சரக்கு வாசல் தாண்டும்போது கடைசி நிமிஷத்தில் ஒட்டி அனுப்பினார்கள். அவர்களுக்குச் செலவு, வால்மார்ட்டுக்குக் கணக்கு. ஷாம்பு பாட்டிலில் தண்ணீர், டின்னில் தகரம், பல பெட்டி சரியாகப் படிக்காது. அந்த வேகம் தணிந்தது. 2010-ல் அவர்கள் திரும்பி வந்தபோது தேர்ந்தெடுத்தது ஜீன்ஸும் உள்ளாடையும். துணியில் இரும்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரே சட்டையில் எட்டு நிறம், ஆறு சைஸ். எது கடையில் இல்லை என்று தெரியாமல் தவிப்பதும் துணிக்கடைதான். 2014 வாக்கில் ஸாரா, அதே காலத்தில் டெகத்லான், பிறகு யூனிக்ளோ என்று ஒவ்வொன்றாகத் துணிக்குள் இந்தப் பட்டை நுழைந்தது. திருப்பூரில் லேபிள் தைக்கும் மெஷின் வரை அது வந்து சேர்ந்தது இப்படித்தான்.

"ஆக, கடைக்காரனுக்கு அலமாரி காலியாவக் கூடாது. அதுக்கு நீங்க ஊர்ல ஊசி குத்தாம தைக்கணும்" என்றார் அண்ணாச்சி.

அவர் சரியாகப் பிடித்துவிட்டார். லாபம் தெரிவது அந்தக் கரையில். பட்டையைப் பையர் சொல்லும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும், காசு நம்முடையது. வீணான பட்டைக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். டனலும் ரீடரும் சாப்ட்வேரும் நம் செலவு. 16 மெஷின் வைத்திருக்கும் ஓர் ஆள் இன்று டனல் போட முடியாது. பெரிய கம்பெனிகள் பிழைத்துக்கொள்ளும். என் அப்பாவைப் போன்றவர்களுக்கு இந்தச் சாட்சி கைக்கெட்ட வேண்டும் என்றால், பத்துச் சின்னக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது டனல் வைத்துக்கொள்ள வேண்டும். சாயக் கழிவுநீரைப் பொதுவில் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு இது முடியாத காரியம் அல்ல.

திண்டுக்கல் தாண்டிக் கொடை ரோடு டோல்கேட். வண்டி ஊர்ந்துகொண்டே போனது, கம்பி எழுந்தது, போய்விட்டோம். "முன்னால ரசீதுக்கும் சில்லறைக்கும் நின்னே ராத்திரி போயிரும் தம்பி" என்றார். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவில், கண்ணாடியில் ஒட்டும் இந்த ஃபாஸ்டேக் கட்டாயமானது. இல்லாதவர்கள் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்றார்கள். அவருக்கு அது தந்தது நேரம். பறித்துக்கொண்டது ஒன்று உண்டு என்றும் சொன்னார்: எந்த டோலை எத்தனை மணிக்குத் தாண்டினோம் என்று ஓனர் போனில் மெசேஜ் விழுந்துவிடுகிறது. நடுவில் இரண்டு மணி நேரம் கண்ணசந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. தூங்கிய டிரைவரைக் கேள்வி கேட்கிற ஓனர், தூங்காமல் ஓட்டியதற்கு ஒரு வார்த்தை சொல்வாரா? கணக்கு ஒரு பக்கமாகவே கேட்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. மதுரை ரிங் ரோடு முடிந்ததும் ஓரம் கட்டித் தூங்குங்கள், ஓனரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். எலியார்பத்தி டோலுக்கு முன் ஒன்றேகால் மணி நேரம் தூங்கினார். அதுவரை நான் கேபினில் உட்கார்ந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. இருபுறமும் கரிசல், அங்கங்கே உடை மரம். பருத்தி விளைந்த மண். பருத்தி, நூல், துணி, சாயம், வெட்டு, தையல் என்று ஒரு பனியன் கடந்து வந்த பாதையில் பட்டைக்குத் தெரிந்தது கடைசிப் படி மட்டும். அதற்கு முன் நடந்தது எதுவும் அந்த 96 பிட்டில் இல்லை. ஆனால் எண் என்பது ஒரு கதவு. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. துணியும் முதல் வரிசையில் இருக்கிறது. எந்த நார், எங்கே ஆனது, எப்படி மறுபடி பயன்படுத்துவது என்பதெல்லாம் ஓர் எண்ணோடு கட்டப்படும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுச் சாயக் கழிவுக்காக உயர் நீதிமன்றம் எங்கள் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்கக் கோடிகளைக் கொட்டினோம். அந்தச் செலவு இன்றுவரை விலையில் ஏறவில்லை. அந்தக் கதையையும் அந்த எண் சுமக்கட்டும். ஊசி சிப்பில் படாமல் பத்து மணி நேரம் லேபிள் தைத்தவளின் கூலியையும் சேர்த்துச் சுமக்கட்டும். எண்ணை நம்மிடமிருந்து வாங்குகிறவர்கள், எண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று நம்மிடமும் கேட்க வேண்டும்.

புதூர்பாண்டியாபுரம் டோலுக்கு அப்புறம் காற்றில் உப்பு வாடை. துறைமுகச் சாலையில் உப்பளப் பாத்திகள் வெயில் ஏறுமுன்பே பளபளத்தன. மார்ச் மாதம், வாருபலகையால் பெண்கள் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை. எங்களுக்கு முன்னால் இருபதுக்கு மேல்.

வரிசையில் நிற்கும்போது கண்டெய்னர் பக்கவாட்டில் ஒட்டியிருந்த நாலாவது பட்டையைக் காட்டினார் அண்ணாச்சி. லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற அரசுத் திட்டம். இந்திய அரசும் ஜப்பானின் என்.இ.சி. கம்பெனியும் சேர்ந்து 2016-ல் மும்பைக்குப் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி, பிறகு தென்கோடி வரை கொண்டுவந்தார்கள். கப்பலில் இருந்து இறங்கி வெளியேறும் கண்டெய்னரில் ஒட்டி, அது திரும்பக் கப்பல் ஏறும்போது கழற்றிக்கொள்கிறார்கள். துறைமுக வாசலிலும் வழியில் சில டோல்கேட்டிலும் ரீடர் உண்டு. கண்டெய்னர் எண்ணைத் தளத்தில் போட்டால் கடைசியாக எங்கே தென்பட்டது என்று யாரும் பார்க்கலாம். போனில் போட்டுப் பார்த்தேன். காலியாக இதே வாசலைத் தாண்டி வெளியே வந்த நேரம் இருந்தது. ஃபாஸ்டேக் ஓனருக்கு மட்டும் பேசுகிறது, இ-சீல் சுங்கத்துக்கு மட்டும். இது ஒன்றுதான் கேட்கிற எல்லோருக்கும் பேசுகிறது. சாட்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்டே முக்காலுக்கு எங்கள் முறை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைரீடரோடு வண்டியின் பின்னால் வந்தார். போல்ட்டைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு ரீடரை நீட்டினார். சீல் எண் திரையில் வந்தது, நேற்றிரவு சூப்பர்வைசர் ஏற்றிய விவரம் அதன் கீழே வரிசையாக விழுந்தது. அறுபடவில்லை. "போலாம்" என்றார். அவ்வளவுதான். மெஷின் படிக்கும் என்றாலும் கையால் இழுத்துப் பார்த்தாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

வாசலுக்குள் எனக்கு அனுமதி இல்லை. இறங்கிக்கொண்டேன். வ.உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய வளைவுக்குள் டிரெய்லர் திரும்பியது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி இங்கிருந்து கொழும்புக்குத்தான் கப்பல் விட்டார். எங்கள் பெட்டியும் சின்னக் கப்பலில் முதலில் கொழும்புக்குத்தான் போகும். அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். அவர் காலத்தில் அந்த வழியில் யார் கப்பல் ஓட்டுவது என்பதே சண்டை. சரக்கு நம்முடையது, வழி யாருடையது என்ற கேள்வி இப்போது எண்ணிக்கை யாருடையது என்று மாறியிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஏப்ரல் கடைசி வாரம் கம்பெனியின் மெர்சண்டைசர் கூப்பிட்டார். சரக்கு அந்தக் கரைக் குடோனில் இறங்கி, அவர்களும் டனலில் விட்டு எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வந்திருக்கிறது: 640 பெட்டி, 30,720 பீஸ், பட்டைக்குப் பட்டை ஒத்துப்போகிறது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். வேறொரு ஷிப்மென்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா டனல் வாய்ப்பக்கம் நின்று பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார்.

"அந்த ஊமைப் பீஸுக்குப் பதிலா வெச்சமே, அதும் சேந்துதானுங்களே?"

"அதும் சேந்துதாங்க்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரிங்க" என்று, அடுத்த பெட்டியை உள்ளே தள்ளினார்.